இரண்டு சொட்டு ஃபார்மலினும் 245 நாட்களும்: தில்லி தயிர் வழக்கு

ஒரு கிண்ணம் தயிரை சமையலறை மேடையில் நாலு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். முதல் நாள் புளிப்பு ஏறும், அடுத்த நாள் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், அப்புறம் ஓரத்தில் பூஞ்சை கட்டும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் மொத்தக் கேள்வியும் இதுதான்: தயிர் கெட்டுப்போகும் என்று தெரிந்த அரசுத் தரப்பு, அந்தத் தயிரை வைத்து வழக்குப் போட 8 மாதம் எடுத்துக்கொண்டால், அதன் விலையை யார் கொடுப்பது?

உணவுக் கலப்பட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் நம் ஊரில் உடனே வரும் பேச்சு, 'டெக்னிக்கல் பாயிண்ட்டில் தப்பித்துவிட்டான்' என்பது. எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. கலப்படம் செய்கிறவன் மேல் எனக்கும் கோபம் உண்டு, குழந்தை குடிக்கும் பாலில் கை வைக்கிறவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. ஆனால் எதை 'டெக்னிக்கல்' என்கிறோமோ அதுதான் இந்த வழக்குகளில் ஒரு சாதாரண வியாபாரிக்கு இருக்கும் ஒரே கைப்பிடி. ஏன் என்று புரிய இந்தத் தயிர் வழக்கைப் போல உதவும் தீர்ப்பு வேறில்லை. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) இதழின் 1967ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தொகுதியில் 970ஆம் பக்கத்தில் இருக்கிறது. மேல்முறையீடு செய்தது தில்லி மாநகராட்சி, எதிரே நின்றவர் ஒரு தயிர் வியாபாரி. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, வியாபாரி என்றே வைத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன

1961 செப்டம்பர் 20. உணவு ஆய்வாளர் வியாபாரியிடமிருந்து பசும்பால் தயிரில் மாதிரி எடுக்கிறார். அப்போது நடைமுறையில் இருந்தது 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அன்றைக்குச் சொன்னபடி, எடுத்த மாதிரியை அங்கேயே மூன்றாகப் பிரித்து, மூன்றையும் முத்திரையிட்டு, ஒன்றை வியாபாரியிடமே கொடுத்துவிட வேண்டும், இன்னொன்றை மாதிரிகளைச் சோதித்து அறிக்கை தரும் பொதுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும், மூன்றாவதை ஆய்வாளர் தன் வசம் வைத்திருக்க வேண்டும்.

பகுப்பாய்வாளர் அந்தத் தயிரைச் சோதித்தது அக்டோபர் 3ஆம் தேதி. தயிர் தரம் குறைந்தது என்று அறிக்கை அனுப்பியது அக்டோபர் 23ஆம் தேதி. சரி, ஒரு மாதம் ஆகிவிட்டது, ஆய்வகத்தில் வேலை அதிகம் இருக்கும், அதுவரை பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அப்புறம் கோப்பு தூங்கியது. நீதிமன்றத்தில் புகார் தாக்கலானது 1962 மே 23ஆம் தேதி. அறிக்கை கைக்கு வந்து சரியாக 7 மாதம். மாதிரி எடுத்த நாளிலிருந்து எண்ணினால் 245 நாட்கள். இந்தத் தாமதத்துக்கு மாநகராட்சி எந்த விளக்கமும் தரவில்லை என்று உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது.

நீதிமன்றத்துக்கு வந்ததும் வியாபாரி தன் உரிமையைக் கேட்டார். சட்டத்தின் 13ஆவது பிரிவு, 2ஆவது உட்பிரிவு: வழக்கு தொடுக்கப்பட்ட பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் கட்டணம் கட்டி மனுப் போட்டால், முத்திரையிட்ட மாதிரியின் ஒரு பகுதியை நீதிமன்றம் மத்திய உணவு ஆய்வகத்தின் இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். அவர் தரும் சான்றிதழ் வந்துவிட்டால், பொதுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை அடிபட்டுப் போகும், இயக்குநர் சொல்வதே முடிவு. மாதிரி போனது. இயக்குநரிடமிருந்து வந்த பதில்: மாதிரி மிகவும் அழுகிவிட்டது, பகுப்பாய்வு செய்ய முடியாது.

மாஜிஸ்திரேட் வியாபாரியை விடுதலை செய்தார். மாநகராட்சி விடவில்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அங்கும் தோற்றது, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1966 நவம்பரில் அங்கேயும் தோற்றது.

அந்த உரிமை ஏன் அவ்வளவு முக்கியம்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பொதுவாகக் குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் பல தற்காப்புகள் இந்தச் சட்டத்தில் கிடையாது. கொலை வழக்கில் எண்ணம் இருந்ததா என்று அரசு நிரூபிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. 'எனக்குத் தெரியாது, பால்காரன் கொடுத்ததை உறை ஊற்றி விற்றேன்' என்று வெறுமனே சொன்னால் அது எதிர்வாதமே ஆகாது என்று 19ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. பொதுப் பகுப்பாய்வாளர் நீதிமன்றத்துக்கு வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, அவர் கையெழுத்திட்ட அறிக்கையே சாட்சியம். தண்டனையும் சும்மா இல்லை. 1964 திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 6 மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் என்றாகிவிட்டது.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. கலப்படம் செய்கிறவனின் மனதுக்குள் புகுந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வழக்கும் நிற்காது, அதனால் சட்டம் இப்படிக் கடுமையாக இருப்பது நியாயம்தான். ஆனால் அதன் விளைவு என்ன? வழக்கு மொத்தமும் ஒரு பாட்டிலுக்குள் இருக்கிறது. அந்தப் பாட்டிலில் கொழுப்பு எத்தனை சதவீதம், கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எத்தனை சதவீதம், அவ்வளவுதான் கேள்வி. ஒரு ஆய்வகத்தில் ஒருவர் ஒரு நாள் செய்த ஒரு சோதனை இதைத் தீர்மானிக்கிறது. சோதனையில் தவறு நடக்கலாம், லேபிள் மாறலாம், தயிரைச் சரியாகக் கலக்காமல் மேலே படிந்த ஆடை ஒரு பாட்டிலிலும் அடியில் இருந்தது இன்னொரு பாட்டிலிலும் போயிருக்கலாம். இதைச் சரிபார்க்கச் சட்டம் கொடுத்த ஒரே வழி, இன்னொரு பாட்டிலை இன்னொரு ஆய்வகத்தில் சோதிப்பது. அதை எடுத்துவிட்டால் அந்த வியாபாரி பேசுவதற்கு எதுவுமே இல்லை.

மாநகராட்சி சொன்னதும் நீதிமன்றம் ஏற்றதும்

மாநகராட்சியின் வாதம் ஒன்றும் மோசமானதல்ல. இயக்குநரின் சான்றிதழ் வந்தால்தான் பொதுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை அடிபடும், இங்கே சான்றிதழே வரவில்லை, அதனால் அறிக்கை அப்படியே நிற்கிறது, அதை வைத்துத் தண்டியுங்கள் என்றார்கள். எழுத்துக்கு எழுத்து படித்தால் சரிதான். நீதிபதி பார்கவா எழுதிய தீர்ப்பும் இதில் பாதியை ஒப்புக்கொள்கிறது. அறிக்கை செல்லாமல் போய்விடவில்லை, அது சாட்சியம்தான் என்கிறது. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும், எதிர்த்தரப்பு சொன்னதில் உள்ள உண்மையை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மேலே போகிறது.

ஆனால், என்கிறது தீர்ப்பு, அறிக்கை சாட்சியமாக இருப்பது ஒன்று, அதை மட்டும் நம்பி ஒருவரைத் தண்டிப்பது வேறு. சட்டம் கொடுத்த மதிப்புள்ள உரிமை ஒன்று அரசுத் தரப்பின் நடத்தையால் பறிபோயிருக்கும்போது, அந்த வியாபாரியின் எதிர்வாதமே முடங்கிப்போகிறது, அந்த நிலையில் தண்டனை நிற்காது.

நடத்தை என்ற சொல்தான் இங்கே அச்சாணி. பாட்டில் ஏன் கெட்டது என்று நீதிமன்றம் கேட்டது. நிபுணர் சாட்சியம் பதிவில் இருந்தது. பாதுகாப்புப் பொருள் சேர்க்காமல் வெளியே வைத்தால் தயிரின் கொழுப்பு, திடப்பொருள் அளவுகள் சில நாட்களிலேயே மாறத் தொடங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 4 வாரம் போல் தாங்கும். பாதுகாப்புப் பொருள் சேர்த்து வெளியே வைத்தால் ஏறக்குறைய 4 மாதம். சேர்த்துக் குளிரிலும் வைத்தால் 6 மாதம்.

இப்போது தேதிகளைப் போட்டுப் பாருங்கள், நீதிமன்றம் செய்தது அதைத்தான். வியாபாரிக்குக் கொடுத்த பாட்டிலில் ஆய்வாளர் பாதுகாப்புப் பொருளைச் சேர்த்திருந்தால், அது 1962 ஜனவரி 20 வாக்கில் வரை சோதனைக்கு ஏற்றதாக இருந்திருக்கும். அறிக்கையோ அக்டோபர் 23ஆம் தேதியே வந்துவிட்டது. இடையில் ஏறக்குறைய 3 மாதம் இருந்தது, வழக்குப் போட அது தாராளம். பகுப்பாய்வில் கொஞ்சம் தாமதம் ஆகத்தான் செய்யும், அதை எதிர்பார்த்தே ஆரம்பத்திலேயே பாதுகாப்புப் பொருளைச் சேர்த்திருக்க வேண்டும், அது அடிப்படையான முன்னெச்சரிக்கை என்கிறது தீர்ப்பு. அதைச் செய்யவில்லை. வழக்கையும் காலத்தில் போடவில்லை. இரண்டு தவறும் ஒரே பக்கத்தில்.

வியாபாரியின் பக்கத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். பாட்டில் அவர் கையில்தான் இருந்தது, உண்மை. ஆனால் அது முத்திரையிட்ட பாட்டில், திறந்து எதையும் ஊற்ற முடியாது, திறந்தால் அதுவே அவருக்கு எதிராகத் திரும்பும். குளிர்பதனப் பெட்டியா? 1961ல் ஒரு சாதாரணத் தயிர் வியாபாரியிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது? அதோடு வழக்கு வருமா வராதா என்பதே அவருக்குத் தெரியாது. மே மாதம் சம்மன் வரும்போதுதான் தெரியும். தில்லியில் மே மாத வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டு சொட்டு

பாதுகாப்புப் பொருள் என்று பெரிதாகச் சொல்கிறோம், அது என்ன என்று அருகில் போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பால், தயிர், கோவா போன்றவற்றுக்கு உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் 20ஆவது விதி சொன்னது ஃபார்மலின். தண்ணீரில் ஏறக்குறைய 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு கரைந்த திரவம். அளவு: 25 மில்லிக்கு 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு. மீனில் அடிக்கிறார்கள் என்று நம் ஊர்ச் சந்தைகளில் பயந்தோமே, அதே ஃபார்மலின்தான். உணவில் சேர்த்தால் விஷம், மாதிரிப் பாட்டிலில் சேர்த்தால் ஒரு மனிதனின் சாட்சி.

மாதிரி எடுப்பதே அப்படி நுணுக்கமான வேலை. தயிரை விலை கொடுத்து வாங்க வேண்டும், பகுப்பாய்வுக்காக எடுக்கிறேன் என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அக்கம்பக்கத்திலிருந்து ஒருவரையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். நன்றாகக் கலக்கிவிட்டு, சுத்தமான ஈரமில்லாத பாட்டில்களில் பிரித்து, சொட்டு விட்டு, மூடி, லேபிள் ஒட்டி, தடித்த தாளில் சுற்றி, நூலால் கட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை நாலு இடத்தில்: மேலே ஒன்று, அடியில் ஒன்று, பக்கங்களில் இரண்டு. அதே முத்திரையின் பதிவைத் தனியாக ஒரு தாளில் எடுத்து, பாட்டிலோடு சேர்க்காமல் தனியாக ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏன் தனியாக? வழியில் யாராவது பாட்டிலைத் திறந்து வேறு முத்திரை போட்டிருந்தால், ஆய்வகத்தில் இருப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். யாரோ உட்கார்ந்து, எந்த இடத்திலெல்லாம் தவறு நடக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதிய விதிகள் இவை. இவற்றைச் சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு முறை ஒரு கோப்பை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

சாட்சி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தார் யாரும் வரவில்லை என்றால் வழக்கு செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உண்மையாகவே கூப்பிட்டும் ஆள் வராதபோது, ஆய்வாளரின் ஒற்றைச் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதுவே போதும் என்று 1974ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சாட்சிக்கு வரத் தயங்குவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் கதவு திறந்ததா

இல்லை, இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தயிர் வழக்கைக் காட்டி, தாமதம் தாமதம் என்று கூவினாலே விடுதலை கிடைக்கும் என்ற நினைப்பு பிறகு பல வழக்குகளில் வந்தது. 1971ல் குஜராத்திலிருந்து வந்த வழக்கிலும், 1972ல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதற்கு அணை போட்டது. மாதிரியை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி மனுவே போடாதவர், கட்டணமே கட்டாதவர், என் உரிமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. கேட்டிருந்தால்தானே கிடைத்ததா இல்லையா என்று பார்க்க முடியும்? தயிர் வியாபாரி கேட்டார், அனுப்பினார்கள், அழுகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் அவரைக் காப்பாற்றியது.

தயிர்த் தீர்ப்பிலேயே இன்னொரு எல்லையும் இருக்கிறது. அரசுத் தரப்பின் தவறு இல்லாமல் வேறு காரணத்தால் உரிமை பயனற்றுப் போனால், அப்போது வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கலாம் என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் தீர்ப்பின் மிகக் கவனமான வரி அதுதான், ஏனென்றால் அது இல்லாவிட்டால் பாட்டிலைத் தானே உடைத்துவிட்டு வந்து நிற்கிறவருக்கும் விடுதலை கிடைத்துவிடும்.

1976ல் சட்டமே திருத்தப்பட்டது. வியாபாரியிடம் பாட்டில் கொடுக்கும் முறை போய், ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மீதி இரண்டும் உள்ளூர் சுகாதார அதிகாரியிடம் என்று ஆனது. வழக்கு தொடுத்த பிறகு அறிக்கையின் நகலை அந்த அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவருக்கு அனுப்ப வேண்டும், நகல் கிடைத்த 10 நாளுக்குள் அவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நகல் கிடைத்ததா என்பதே பிறகு பெரிய சண்டையானது. கோப்பில் ஒரு தபால் ரசீது இருக்கும், அதில் அனுப்பிய தேதி இருக்கும், வாங்கியவர் கையெழுத்து இருக்காது. அனுப்பினோம், எங்கள் வேலை முடிந்தது என்பார்கள். 2021ல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு சொன்னது: அனுப்பியது மட்டும் போதாது, நகல் அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். நகல் சேராமல் 10 நாள் எப்படி ஓடத் தொடங்கும்? இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல 2021 வரை ஆனதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது எப்படி

1954ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் அந்த இடத்துக்கு வந்தது. உணவு ஆய்வாளர் போய் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார், பொதுப் பகுப்பாய்வாளர் போய் உணவுப் பகுப்பாய்வாளர் வந்தார். மாதிரி மூன்றுக்குப் பதில் நாலு பாகம். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மேலே இருக்கும் நியமன அலுவலரிடம், நாலாவது பாகத்தை வியாபாரி கேட்டுக்கொண்டால் அவர் செலவில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முடிவும் அரசு முடிவும் ஒத்துப்போகாவிட்டால் மேல்நிலை ஆய்வகம் சொல்வதே இறுதி. தயிர் வியாபாரிக்கு இது இருந்திருந்தால், 8 மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே இரண்டாவது சோதனைக்கு வழி கிடைத்திருக்கும்.

காலக்கெடுவும் எழுத்தில் வந்துவிட்டது. பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். குற்றம் நடந்த ஓராண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும், காரணத்தை எழுதி உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒப்புதல் தந்தால் மட்டும் 3 ஆண்டு வரை நீட்டலாம். 14 நாள் என்பது கட்டாயமா வெறும் வழிகாட்டுதலா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பால் பொருட்களுக்கு அது கட்டாயமாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பருப்பும் தயிரும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை.

இந்தப் பாதுகாப்புகள் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும்தான். தயிர் வழக்கில் அந்தத் தயிர் உண்மையிலேயே தரம் குறைந்ததாக இருந்திருந்தால்? இரண்டு சொட்டு ஃபார்மலினும் ஒழுங்கான காலத்தில் ஒரு புகாரும் இருந்திருந்தால் மத்திய ஆய்வகம் அதையும் உறுதி செய்திருக்கும், தண்டனையும் நின்றிருக்கும். அது நல்ல தயிராக இருந்திருந்தால் வியாபாரி 1961லேயே நிம்மதியாக இருந்திருப்பார். நடந்தது இரண்டும் இல்லை. அந்தத் தயிர் எப்படிப்பட்டது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போய்விட்டது, அதற்காக மூன்று நீதிமன்றங்களில் 1966 வரை வழக்கு நடந்தது.

இதைப் படிக்கிறவர்களில் கடை வைத்திருப்பவர் யாராவது இருந்தால்: மாதிரி எடுக்கும்போதே நாலாவது பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள், எழுதியதன் நகலில் அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாலோ தயிரோ என்றால் பாட்டிலில் பாதுகாப்புப் பொருள் சேர்த்தார்களா என்று நின்று பாருங்கள். பகுப்பாய்வு அறிக்கை வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் மேலேயே கிடைத்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.